மஞ்சள் பூசிய பரிசு அட்டை

புதிதாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். கழுத்தில் பட்டை, பட்டையில் புகைப்படம், புகைப்படத்தில் சிரிப்பு. பத்து நாள் பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். "வாடிக்கையாளரின் தேவையைக் கண்டறிந்து அதற்கேற்ற அட்டையைப் பரிந்துரைக்க வேண்டும்" என்று திரையில் போட்டுக் காட்டியிருப்பார்கள். எனக்கும் காட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த வரி, சாப்பாட்டுக்குப் பின்னால் டார்கெட். முப்பத்து நான்கு வருடம் இந்த வேலையில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன்: இரண்டையும் ஒரே நாளில் சொன்னால், பின்னால் சொன்னதுதான் மனதில் நிற்கும்.

நான் செய்த நல்ல காரியங்களைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க மாட்டேன். ஓய்வு பெற்றவர்கள் அதற்கென்றே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது, ஆந்திராவில் நம் புத்தூர் கிளையில் அறுபது பெண்களுக்குத் தப்பான அட்டையை விற்று, கேக்கும் வெட்டி, அதனால் ஒரு பெண்ணின் நர்சிங் சீட் கைவிட்டுப் போகப் பார்த்த கதை.

முதலில் அட்டையைப் பற்றி இரண்டு வார்த்தை. ப்ரீபெய்ட் அட்டை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் பணத்தைப் போடு, போட்டதைச் செலவு செய். எங்களிடம் அப்போது மூன்று தினுசு இருந்தன. வெளிநாடு போகிறவர்களுக்கு ஒன்று. புத்தூரில் அதை நான் விற்றது மொத்தம் நான்கு, நாலும் ஒரே டாக்டர் குடும்பத்துக்கு. இரண்டாவது, திரும்பத் திரும்பப் பணம் போட்டுக்கொள்ளும் அட்டை. அதை வைத்து ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கலாம். ஆனால் அதை வைத்திருக்கப் போகிற ஒவ்வொருவரும் ஆதார், போட்டோ, கையெழுத்து அல்லது கைநாட்டோடு நேரில் வரவேண்டும். மூன்றாவது பரிசு அட்டை. ஒரே தடவை பணம் போடலாம். கடையில் தேய்க்கலாம். ரொக்கமாக ஒரு ரூபாய் வராது. வாங்கிக் கொடுக்கிற ஆள் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அறுபது அட்டையையும் ஒரு மணி நேரத்தில் நீட்டிவிடலாம்.

பரிசு அட்டை கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு மொய் எழுதக் கூச்சப்படுகிற ஆபீசர்களுக்கு அதைப்போல் வசதி வேறில்லை. திருப்பதியில் ஹாஸ்டலில் இருக்கும் மகனுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிற அப்பாவுக்கு இரண்டாவது அட்டை பொருத்தம். போட்டதற்கு மேல் பையன் செலவு செய்ய முடியாது, அப்பாவும் நிம்மதியாகத் தூங்கலாம். யாருக்கு எது என்பதுதான் நம் வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

அந்த வருடம் ஜூன் கடைசி வாரம். எங்கள் மேனேஜர் குண்டூர் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான், காலாண்டு முடிகிற வாரத்தில் மட்டும் அவருக்கு ஜுரம் வந்துவிடும். ப்ரீபெய்ட் அட்டை இன்னும் ஐம்பது விற்றாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து மணிக்கொரு போன். அந்த நேரம் பார்த்து, கார்வேட்டிநகரம் சாலையில் மாங்கூழ் ஃபேக்டரி நடத்துகிற முதலாளி உள்ளே வந்தார். சீசனில் அவரிடம் அறுபது பெண்கள் மாங்காய் அறுப்பார்கள். வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டு, மீதிக் கூலியைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தருவது அவருடைய வழக்கம்.

"மேடம், இந்த தபா கூலிய கார்டுல போட்டுக் குடுத்துடலாம்னு இருக்கேன். டிஜிட்டல் மேடம், எல்லாமே டிஜிட்டல்" என்றார்.

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கூலி என்றால் இரண்டாவது அட்டைதான் சரி, பெண்களை ஆதாரோடு பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றேன்.

"அறுவது பேரும் இங்க வந்து நின்னா என் மாங்காய யாரு மேடம் அறுப்பாங்க? ஒரே கையெழுத்துல முடியறதா எதனா இருந்தா குடுங்க."

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "ஈ ரோஜே அவுத்துந்தா மேடம்?" என்று கேட்டார். இன்றைக்கே முடியுமா என்பது அவர் கவலை.

முடியும் என்றேன். பரிசு அட்டைப் படிவத்தை எடுத்தேன். 'நோக்கம்' என்ற கட்டத்தில் என் கையாலேயே 'பரிசளிப்பு' என்று எழுதினேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் கேக் வந்தது. மண்டல வாட்ஸப் குழுவில் கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. தேவையைக் கண்டறிந்து பரிந்துரைத்தேன், ஆமாம். மேனேஜரின் தேவையை.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். ஓர் அம்மா வந்து என் கவுண்டரில் நின்றார். தேசம்மா என்று பெயர். நாற்பது வயசு சொல்லலாம். மாங்காய்ப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை அவிழ்த்து என் முன்னால் வைத்தார்.

"இந்த அட்டெ செத்துப்பூடுச்சாம்மா. கடக்காரரு சொன்னாரு. பேங்க்குக்கு எடுத்துக்கினு போன்னாரு."

அட்டையைப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். தங்கக் கலரில் சதுரமாக ஒரு சிப் இருக்குமே, அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசி, நட்ட நடுவில் குங்குமப் பொட்டு. எல்லாம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. பின்பக்கம் ரகசிய எண்ணை ஸ்கெட்ச் பேனாவில் தெளிவாக எழுதி வைத்திருந்தார்கள்.

"இன்னாம்மா இது, அட்டைக்குக் கல்யாணமா?" என்றேன். பக்கத்துக் கவுண்டரில் சிரித்தார்கள்.

தேசம்மா சிரிக்கவில்லை. "மொதமொதல்ல ஊட்டுக்கு வந்த லச்சுமி. வெக்காம எப்டிம்மா? சாமிகிட்ட வெச்சுட்டுத்தான் எடுத்தாந்தேன்."

நான் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்தவள். மஞ்சள் குங்குமம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அப்பா ஸ்கூட்டர் வாங்கியபோது பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணும்வரை இரண்டு நாள் அதை யாரும் தொடவில்லை. அது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேண்டுமே, வரவில்லை. டிராயரிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்து சிப்பைத் தேய்த்துக்கொண்டே சொற்பொழிவை ஆரம்பித்துவிட்டேன். சாமி படத்துக்கு வை, சிப்புக்கு வைக்காதே. நம்பரைப் பின்னால் எழுதாதே. இதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். வரிசையில் நின்ற நாலு பேரும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். அட்டை பளிச்சென்று ஆனது. மிஷினில் போட்டுப் பார்த்தேன், ஒன்பதாயிரம் ரூபாய் காட்டியது.

"இந்தா, உயிர் வந்துடுச்சு" என்று நீட்டினேன்.

"அப்ப பணத்த குடும்மா."

"இங்க இல்ல. வெளியே ஏடிஎம் இருக்கு பாரு, அதுல எடு."

போனவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். வரவில்லை என்றார். எண்ணைத் தப்பாக அழுத்தியிருப்பார் என்று அலுத்துக்கொண்டே நானே எழுந்து போனேன். என் கையால் அட்டையைச் சொருகினேன். இந்த அட்டைக்கு இந்தச் சேவை கிடையாது என்று திரையில் வந்தது. மறுபடியும் சொருகினேன். மறுபடியும் அதே. அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஓரத்தில் அச்சடித்திருந்த ரிப்பன் படம் கண்ணில் பட்டது. பரிசு அட்டை. நான் விற்றது. இரண்டு வாரத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது.

"பரவால்லம்மா, கடைக்கே போயி தேச்சுக்கறேன்" என்று தேசம்மா அட்டையை வாங்கப் பார்த்தார்.

"கடையில இன்னா வாங்கப் போற?"

"ஒண்ணும் வாங்கல. அவரு மிஷின்ல தேச்சுக்கினு பணம் குடுப்பாரு. நூத்துக்குத் தொண்ணூறு. பத்து ரூபா மிஷினுக்காம்."

"யாரு கடை?"

"மொதலாளி மச்சான் கடதான். ஃபேக்டரி வாசல்லியே கீது. பாதிப் பேரு தேச்சு வாங்கிக்கினு பூட்டாங்க. என்னுதுதான் வேல செய்யல."

முதலாளி டிஜிட்டல் டிஜிட்டல் என்று அடித்துக்கொண்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. கூலியில் பத்தில் ஒரு பங்கு வாசல் தாண்டுவதற்குள் மச்சான் கடைக்குப் போகிறது. அதற்கு வழி போட்டுக் கொடுத்தது நான். இந்த அம்மாவின் பணத்தை இரண்டு வாரம் காப்பாற்றியது சிப்பில் காய்ந்திருந்த மஞ்சள். அதைத்தான் நான் ரப்பர் போட்டுத் தேய்த்து, சொற்பொழிவும் ஆற்றி, கடைக்கு அனுப்பத் தயார் செய்திருந்தேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. "நாளிக்கி மூணு மணிக்குள்ள திருப்பதில கட்டணும்மா" என்றார் தேசம்மா. "பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. ஒம்பதாயிரத்துக்கு டீடி எடுத்துக்கினு வரணும்னு சொல்லிக்கீறாங்க. இல்லாட்டி அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க. மிச்சத்தையெல்லாம் அங்க இங்க பொரட்டிக் கட்டிட்டோம். இது ஒண்ணுதான் பாக்கி."

அட்டையில் ஒன்பதாயிரம். கடையில் தேய்த்தால் கைக்கு எட்டாயிரத்து நூறு. டீடி எங்கள் கிளையிலேயே எடுக்கலாம், ரொக்கமாகவோ கணக்கிலிருந்தோ கொடுத்தால். இந்த அட்டையைக் கொடுத்தால் எடுக்க முடியாது. அதைச் சொன்னேன். சொல்லும்போதே என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது.

"இது உங்க பேங்க்கு அட்டெதானே?"

"ஆமாம்."

"உங்க பேங்க்கே வாங்காதா?"

"வாங்காதும்மா."

தேசம்மா கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார். "அப்ப இத உனுக்கு சம்பளமா குடுத்தா நீ வாங்குவியாம்மா?"

எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன். ஏசி ஹால், பேனா, குறிப்பு நோட்டு, மதியம் ஐஸ்கிரீம். ஒருத்தர்கூட என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. நீங்கள் வேறு எதையும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம், இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். கைப்பையைத் திறந்தேன். "குறையற தொள்ளாயிரத்த நான் தரேன். நீ கடையில தேச்சுக்கினு வந்துடு" என்றேன். தருமம் செய்கிற முகம் ஒன்று உண்டு, அதையும் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"நீ எதுக்கும்மா குடுக்கற? உங்கிட்ட நான் வேல செஞ்சேனா?" என்றார். "எனுக்கு என் கூலி வந்தா போதும்." பிறகு மின்விசிறிக்குக் கீழே இருந்த இரும்பு பெஞ்சைக் காட்டி, "நான் இங்கியே குந்திக்கினு கீறேன். எதனா பண்ணு" என்று போய் உட்கார்ந்துகொண்டார்.

மணி பன்னிரண்டு. டீடி கவுண்டர் மூன்றரைக்கு மூடும். மறுநாள் காலையில் அவர் திருப்பதி பஸ் ஏற வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. முதலாளி எங்களிடம் பெரிய கடன் வைத்திருக்கிற ஆள். அவர் முகம் சுளித்தால் மேனேஜருக்கு ஜுரம் வரும், மேனேஜருக்கு ஜுரம் வந்தால் எனக்கு மாற்றல் வரும். எங்கோ தூரத்தில் இருக்கிற தடா ஊர்க் கிளையில் ஓர் இடம் காலியாக இருப்பதும் எனக்குத் தெரியும்.

ஃபைலை எடுத்து அந்தப் படிவத்தை ஒரு தடவை படித்தேன். 'பரிசளிப்பு' என்று என் கையெழுத்து, கீழே முதலாளியின் கையொப்பம், தேதி, முத்திரை. பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, உங்கள் விண்ணப்பத்தில் ஒரு சின்னச் சந்தேகம், நேரில் வந்தால் நல்லது என்றேன். கடன் வாங்கியிருப்பவருக்கு விண்ணப்பம் என்ற வார்த்தை போதும். இரண்டரைக்கு வந்துவிட்டார். மேனேஜர் தன் அறையில் உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

"சொல்லுங்க மேடம், ஏமி ப்ராப்ளம்?" என்றார் முதலாளி.

"இந்த அறுபது அட்டையும் பரிசுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க சார்."

"நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான் எழுதினேன். தப்பு என்னுது. அதை இன்னைக்கே தலைமை ஆபீசுக்கு எழுதி அனுப்பப் போறேன். எழுதறதுக்கு முன்னாடி உங்களை ஒண்ணு கேக்கணும். இது பரிசா, கூலியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம். பணம் பணம்தானே."

"இல்ல சார். பரிசுன்னா அவங்க கூலி பூரா இன்னும் பாக்கின்னு ஆகுது. கூலின்னா பொய்க் காரணம் காட்டி கையெழுத்து போட்டதா ஆகுது. எதை எழுதட்டும்?"

மேனேஜர் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். எனக்குக் காபி பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். "மேடம், ஈ விஷயம் தர்வாத மாட்லாடுகுந்தாம்" என்றார். பிறகு பேசிக்கொள்ளலாமாம்.

"பிறகு முடியாது சார். வெளியே ஒரு அம்மா மூணரை வரைக்கும்தான் உட்கார்ந்திருக்க முடியும்."

லேபர் ஆபீசர் என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை. மச்சான் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளி கண்ணாடிக் கதவு வழியாகப் பெஞ்சைப் பார்த்தார், தேசம்மாவைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். நான் தடாவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாததால்தான் நான் இன்றைக்கு உங்களுக்குக் கதை சொல்கிறேன்.

"சரி மேடம், அந்தம்மா அட்டைய நான் வாங்கிக்கறேன். கேஷ் குடுத்துடறேன்" என்றார்.

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்தான்" என்றார். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் கணக்கிலிருந்தே ஒன்பதாயிரம் எடுத்து தேசம்மாவிடம் கொடுத்தார். தேசம்மா அவர் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணினார். மூன்று பத்துக்கு டீடி அச்சாகி வந்தது. தேசம்மா அட்டையை முதலாளியிடம் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டி, "அம்மா தொடச்சு குடுத்துட்டாங்க சார், இப்ப நல்லா வேல செய்யுது" என்றார். மறுநாள் அவர் மகள் நர்சிங் பள்ளியில் சேர்ந்தாள். எனக்கு யாரும் போன் பண்ணிச் சொல்லவில்லை. அடுத்த வாரம் தேசம்மா சேமிப்புக் கணக்கு தொடங்க வந்தபோது, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அவரோடு மற்றப் பெண்களும் பத்துப் பத்துப் பேராக வந்தார்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. சிலருக்குக் கணக்கு, சிலருக்கு ரொக்கம் எடுக்கிற அட்டை. ஒரு வாரம் ஆனது, ஃபேக்டரி மூழ்கிப் போகவில்லை, மாங்காயும் அறுபட்டது. ஏற்கெனவே மச்சான் கடையில் தேய்த்துவிட்ட இருபத்தெட்டுப் பேருக்கும் நூற்றுக்குப் பத்தாகப் போன பணம் திரும்பி வரவில்லை. முதலாளியிடம் கேட்டேன், அது அவர்களுக்கும் கடைக்கும் நடுவில் என்றார். முடிந்தவரை போராடினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டேன் என்பதுதான் நிஜம். அந்த இருபத்தெட்டுப் பேரில் யாரையாவது புத்தூர் சந்தையில் பார்த்தால் இன்றைக்கும் நான் வேறு பக்கம் திரும்பிக் கத்தரிக்காய் பொறுக்குகிறேன்.

தலைமை ஆபீசுக்கு எழுதினேன். இனி எச்சரிக்கையாக இருக்கவும் என்று எனக்கு ஒரு மெமோ வந்தது. அன்றைக்கே, ப்ரீபெய்ட் அட்டை விற்பனையில் மண்டலத்தில் இரண்டாவது இடம் பிடித்ததற்காகக் கிளைக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. மேனேஜர் இரண்டாவதை மட்டும் சட்டம் போட்டு மாட்டினார்.

ஆகவே அட்டையை நீட்டுவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். இதை எங்கே செலவு செய்யப் போகிறார்? கையில் ரொக்கம் வேண்டுமா? இன்னொரு தடவை பணம் போட வேண்டியிருக்குமா? அட்டையை வாங்குகிறவர் ஒருவர், வைத்திருக்கப் போகிறவர் இன்னொருவர் என்றால், வைத்திருக்கப் போகிறவரின் முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவரின் முகத்தை மட்டும் பார்த்தேன். கேட்கப் பத்து நிமிஷம் ஆகும். டார்கெட் அதனால் செத்துப்போகாது. செத்தாலும் அடுத்த காலாண்டில் இன்னொன்று பிறக்கும்.

முதலாளி மறுபடியும் ஒரு நாள் வந்தார். மாம்பழ மிட்டாய் டப்பா ஒன்றைக் கவுண்டரில் வைத்தார். எனக்கு இனிப்புதான் கொண்டுவந்திருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். திறந்தால் உள்ளே முப்பத்திரண்டு பரிசு அட்டைகள், பெண்கள் திருப்பிக் கொடுத்தவை.

"இதையெல்லாம் கேன்சல் பண்ணி பணத்த என் அக்கவுண்ட்ல போட்டுடுங்க மேடம்."

"பரிசு அட்டையை அப்படிப் பண்ண முடியாது சார்."

"அப்ப ஏடிஎம்ல?"

"வராது சார்."

"மேடம், இது என் பணம்."

"ஆமாம் சார்."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

அவருக்குப் பின்னால் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு தேசம்மா நின்றிருந்தார். முதலாளி கஷ்டப்படுவதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு அடி முன்னால் வந்து பணிவாகவே சொன்னார்.

"எதுக்கு சார் பேஜார் ஆவறீங்க? உங்க மச்சான் கடையில குடுங்க, தேச்சுக்கினு பணமா குடுத்துடுவாரு. நூத்துக்கு பத்து ரூபாதான் போவும்."

நான் தலை நிமிராமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.